டிஸ்பென்சரிக்கு வந்த புதுக் கம்ப்யூட்டர்

ஒரு பிளக்-இன்னுக்காகக் கல்லாம்பாறை எஸ்டேட் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது என்றால் தேவிகுளத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். கூலி உயர்வுக்காகப் பிரிந்திருக்கிறார்கள். மாதா திருவிழாவில் சப்பரம் எந்த லயத்து வீட்டு வரிசை வழியாகப் போவது என்று பிரிந்து மண்டை உடைந்திருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளே கண்ணுக்கே தெரியாமல் கிடக்கிற ஒரு சமாச்சாரத்துக்காகக் கொழுந்து கிள்ளுகிற பெண்கள்கூடக் கட்சி கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். சிரிக்கட்டும். அதில் ஓர் உயிர் போயிற்று.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஜினோதான். எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் ரைட்டர். போடியில் தங்கி டிப்ளமோ படித்தவன். லயத்தில் பிறந்து ஆபீசுக்குள் மேஜை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் என்பதால் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நம்ம பிள்ளை, அவனுக்கு இல்லாத தலைக்கனமா என்று விட்டுவிட்டார்கள். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத் தகப்பன் மிக்கேல், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம், "என்னலே தொரை, வேலை நடக்குதா?" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் போவார். ஜினோவுக்கு அது கூச்சமாக இருக்கும். ஒரு நாள் அவர் கூப்பிடாமல் போய்விட்டால் அதுவும் ஒரு மாதிரியாக இருக்கும்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் டாக்டர் இல்லாமல் போய் வருஷங்கள் ஆகின்றன. இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனார். அதற்குப் பிறகு இந்தக் குளிருக்கும் அட்டைக்கும் எந்த டாக்டர் வருவார்? கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. டிஸ்பென்சரியில் கேமரா வைத்த ஒரு கம்ப்யூட்டர். டவுனில் இருக்கிற கம்பெனி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால். நர்ஸ் ஜிஸ்மி நோயாளியைக் கேமரா முன்னால் உட்கார வைப்பாள். டாக்டரம்மா முகத்தைப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், மாத்திரை சொல்வார். "கொண்டு வாங்க" என்று அவர் சொன்னால் மட்டும் ஆம்புலன்ஸ் கிளம்பும். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வராமல் யாராவது நோயாளியை மலையிறக்கினால் அது சொந்தப் போக்கு. சொந்தப் போக்குக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது, லீவும் கிடையாது. இது எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை. ஆனால் எஸ்டேட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். காய்ச்சலோ கால் முறிவோ, முதலில் டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்து டாக்டரம்மா முகம் தெரிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து அது ஜெபம் சொல்வதைப் போலப் பழகிவிட்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தைத் திறக்கத்தான் பிளக்-இன் வேண்டும். பிரவுசர் என்கிற உலாவியோடு ஒட்டிக்கொண்டிருந்து, படத்தையும் குரலையும் ஓட்டிக் கொடுக்கிற சின்ன நிரல். ஒரு காலத்தில் அது இல்லாத கம்ப்யூட்டரே கிடையாது. கடையில் வாங்கும்போதே உள்ளே இருக்கும். பிறகு அதில் ஓட்டை ஓட்டையாகக் கண்டுபிடித்தார்கள். திருட்டு நிரல்கள் நுழைய அது கொல்லைக் கதவு மாதிரி ஆனது. கம்ப்யூட்டர் செய்கிறவர்கள் ஒவ்வொருத்தராக அதைக் கழற்றிவிட்டே விற்க ஆரம்பித்தார்கள்.

கல்லாம்பாறையிலும் அந்தக் கொல்லைக் கதவு ஒரு தடவை திறந்தது. 'பிளக்-இன்னைப் புதுப்பிக்கவும்' என்று டிஸ்பென்சரி திரையில் ஒரு கட்டம் வந்தது. ஜிஸ்மி பாவம், நல்லதுக்கென்று நினைத்து அழுத்திவிட்டாள். அது பிளக்-இன்னே இல்லை. அதன் வேஷத்தில் வந்த சனியன். டிஸ்பென்சரியிலிருந்து ஆபீசுக்குத் தாவி, அங்கே இருந்த பதிவு அத்தனையையும் பூட்டிப்போட்டது. யார் எந்த மலையில் எத்தனை கிலோ கிள்ளினார்கள் என்பதெல்லாம் போயிற்று. மேனேஜர் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குக் கூடிய மொத்த ஜனமும் பார்க்க, ஜினோவை நிற்க வைத்து நாறடித்துவிட்டார். அன்றைக்கு ஜினோ தலையை நிமிர்த்தவே இல்லை. அன்றிலிருந்து பிளக்-இன் என்ற பெயரைக் கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களை மாற்றச் சொன்னதும் ஜினோ ஓடியாடி வேலை பார்த்தான். பாலக்காட்டிலிருந்து அஷ்ரஃப் என்ற வியாபாரி வேனில் புதுசுகளை ஏற்றிக்கொண்டு வந்தார். பழையதை எடுத்துக்கொண்டு புதியதைத் தருவது ஏற்பாடு. வெள்ளை உறையைப் பிரித்து டிஸ்பென்சரி மேஜையில் வைத்துவிட்டு, ஜிஸ்மி கொடுத்த பாலில்லாத கட்டன்காப்பியை ஊதிக் குடித்தார். ஜிஸ்மி ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் வந்தது.

"என்னங்க இது, டாக்டரக் காணோம்?" என்றாள் ஜிஸ்மி.

"அது புதுசுல வராதுங்க சிஸ்டர்," என்றார் அஷ்ரஃப். "செய்யற எடத்துலயே எடுத்துட்டாங்க. ஏனுங்க என்னையப் பாக்கறீங்க? நானா கழட்டி வச்சேன்? வேணும்னா நீங்களாத் தேடிப் போட்டுக்கோணும். போட்டீங்கன்னா அப்பறம் வைரஸ் வந்துச்சுன்னு என்னைக் கூப்பிடக் கூடாதுங்க."

"போட வேண்டாம்," என்றான் ஜினோ.

ஜிஸ்மி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன தம்பி சொல்ற? அப்ப டாக்டர எப்படிப் பாக்குறது?"

"ஆஸ்பத்திரிக்காரன் அவன் பக்கத்த மாத்தட்டும்க்கா. ஊரு உலகமே மாத்திருச்சு. நாம போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தா அவன் எந்தக் காலத்துலயும் மாத்த மாட்டான்."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சல். அவன் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரி.

விஷயம் நலக் கமிட்டிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளப்பில் கூட்டம். மூன்று லயத்து ஆட்களும் வந்திருந்தார்கள். சுவர் ஓரமெல்லாம் ஆட்கள். ஜினோ எழுந்து நின்று பேசினான். நன்றாகத்தான் பேசினான். போன தடவை நாம் பட்ட பாடு மறந்துபோச்சா என்று கேட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பிளக்-இன் தேவைப்படாத புதுப் பக்கம் சீக்கிரமே தயாராகிவிடும் என்றான். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்றான்.

மிக்கேல் எழுந்தார். அவர் எழுந்தாலே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிடும்.

"ஏலே தொரை, வீட்டுல திருடன் பூந்துட்டான்னு வாசலையே செவரு வச்சு அடைப்பாகளா? பூட்டு மாத்துவாக, நாய் வளப்பாக. நீ என்னன்னா வாசலே வேண்டாங்கிற. அப்ப நாங்க எது வழியா வெளிய போறது?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஜினோவுக்கு முகம் சிவந்துபோனது.

"மிக்கேலப்பா, தெரியாத விஷயத்துல பேசாதீங்க. இது கவாத்து இல்ல."

சிரிப்பு பட்டென்று நின்றது. ஞானத் தகப்பனைப் பார்த்து, இத்தனை பேர் நடுவில். மிக்கேல் தலைப்பாகைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிப்பா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி அன்னாள்தான் ஜினோவை முறைத்துப் பார்த்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். மேனேஜர் பெரட்டுக் களத்தில் போட்ட சத்தம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. கிள்ளிய கிலோ கணக்கு இல்லாமல் போனதும் ஞாபகம் இருந்தது. ஜினோ பக்கம்தான் அதிகக் கைகள் எழுந்தன. ஜிஸ்மி கடைசியாக ஒன்று கேட்டாள். புதுப் பக்கம் வருகிற வரைக்கும் பழைய கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துக்கொள்ளலாமே என்றாள். அதையும் ஜினோ ஒத்துக்கொள்ளவில்லை. அது இருந்தால் அதையேதான் தொடுவீர்கள் என்று சொல்லி, மறுநாள் தன் கையாலேயே அதைத் தூக்கிக்கொண்டுபோய் பழையதை எடுக்க வந்திருந்த அஷ்ரஃபின் வேனில் வைத்தான். வேன் போடிமெட்டு வழியாக இறங்கிப் போனது.

ஆஸ்பத்திரியின் புதுப் பக்கம் வரவில்லை. மழைதான் வந்தது. ஜூன் பிறந்ததும் மலை மறைகிற அளவுக்கு ஊற்றியது. ஜிஸ்மி தன் அறிவுக்கு எட்டிய மாத்திரைகளைக் கொடுத்துச் சமாளித்தாள். கட்சி கட்டியவர்கள் கட்சி கட்டியபடியே இருந்தார்கள். பிள்ளைக்குச் சளி என்றாலும் "கை தூக்கினேல்ல, அனுபவி" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் குத்திக்காட்டினாள். மிக்கேல் மட்டும் கூட்டத்துக்கு மறுநாளே ஜன்னல் பக்கம் வந்து, "என்னலே தொரை" என்று பழையபடி கூப்பிட்டார். ஜினோ நிமிராமல் "ம்" என்றான். ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டான். எத்தனை நாளைக்கு என்று அவனே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், கவாத்து மலையில் மிக்கேல் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது, கை மரத்துப்போகிறது என்றார். சும்மா உட்காருகிற மனுஷன் இல்லை அவர். கங்காணி பயந்துபோய், இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் அவரை உட்கார வைத்து நாலு பேரைத் தூக்கச் சொல்லி டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். அன்னாள் கொழுந்துக் கூடையைக் காட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

ஜிஸ்மி நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தாள். நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. அவளுக்கு என்னவென்று புரிந்துபோனது. தொலைபேசியை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். எஸ்டேட்டில் செல்போனுக்கு ரேஞ்சு கிடையாது, அந்தக் கம்பிப் போன் ஒன்றுதான். வரவேற்பில் இருந்த பெண் மலையாளமும் தமிழும் கலந்து ஒன்றையே சொன்னாள். "டாக்டர் ஸ்க்ரீன் ரூம்லயாணு. அங்க போன் கொண்டுபோகக் கூடாது. நீங்க ஸ்க்ரீன்ல வாங்க சிஸ்டர்."

"ஸ்க்ரீன் வரலம்மா. நெஞ்சுவலி கேசு. அந்தம்மாகிட்ட ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

"அது பற்றில்ல, முடியாது சிஸ்டர். ரூல் இல்ல. ஸ்க்ரீன்ல வாங்க."

ஜிஸ்மி போனை வைத்துவிட்டு, ஜினோவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

ஜினோ மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தான். அதற்குள் டிஸ்பென்சரி நிறைந்துவிட்டது. மழைக்கு வேலை நின்றதால் மலையில் இருந்த ஆட்களும் வந்துவிட்டார்கள். பெஞ்சில் மிக்கேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜினோவைப் பார்த்ததும் சிரிக்க முயற்சி செய்தார். அதைப் பார்க்க ஜினோவுக்கு உயிரே போவதைப் போல இருந்தது. வெளியே ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவர் சீட்டில்தான் இருந்தான். டாக்டரம்மா வார்த்தைக்காக அவனும் காத்திருந்தான்.

"தம்பி, எப்படியாவது அந்தக் கருமத்தப் போட்டுக் குடு," என்றாள் ஜிஸ்மி.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கை தூக்கச் சொன்னான்ல, இப்பக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு."

ஜினோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தான் ஊரைக் கூட்டி வேண்டாம் என்று சொன்ன அதே பிளக்-இன்னை இப்போது தானே தேடினான். அதைச் செய்தவர்களின் பக்கத்திலேயே அது இல்லை, நிறுத்திவிட்டோம் என்று ஒரு அறிவிப்புத்தான் இருந்தது. வேறு எங்கெங்கோ தேடினான். பெயர் தெரியாத ஒரு பக்கத்தில் அகப்பட்டது. அழுத்தினான். நிரல் இறங்குவதைக் காட்டும் பச்சைக் கோடு எறும்பு ஊர்வதைப் போல நகர ஆரம்பித்தது.

அப்போதுதான் நவீன்குமார் வாசலில் வந்து நின்றான். கீழ் லயத்தில் வாடகை ஜீப் ஓட்டுகிறவன். ஜீப்பைத் திருப்பி, மூக்கு ரோட்டைப் பார்த்தபடி நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே இறங்கி வந்திருந்தான்.

"ஜினோண்ணே, எதுக்கு இந்தக் கூத்தெல்லாம்? தூக்கிப் போட்டுட்டுப் போயிருவோம். எந்த ஆஸ்பத்திரி சேக்குதோ சேக்கட்டும்."

அன்னாள் ஜினோவைப் பார்த்தாள். கூட்டம் மொத்தமும் ஜினோவைப் பார்த்தது. சொந்தப் போக்காகக் கொண்டுபோனால் கம்பெனி ஆஸ்பத்திரியில் உள்ளே விட மாட்டார்கள் என்பது ஜினோவுக்குத் தெரியும். அது அவன் மனதில் ஓடியது உண்மைதான். ஆனால் அதைவிட வேகமாக ஓடியது வேறு. கோடு பாதிக்கு மேல் வந்துவிட்டது. என்னால் முடியும் என்று இவர்களுக்குக் காட்டிவிட வேண்டும்.

"இரு, இப்ப வந்துரும்," என்றான்.

நவீன்குமார் வெளியே போய் என்ஜினை அணைத்தான்.

கோடு நிறைந்தது. ஆனால் உலாவி ஏற்க மாட்டேன் என்றது. புதிய உலாவி, பழைய பிளக்-இன். அப்படியானால் பழைய உலாவி வேண்டும். மறுபடியும் தேடல், மறுபடியும் பச்சைக் கோடு. மழையில் இணைப்பு அறுந்தது. ஜிஸ்மி ஓடிப்போய் மோடத்தை அணைத்துப் போட்டாள். கோடு முதலிலிருந்து ஆரம்பித்தது.

"அண்ணே," என்று மறுபடியும் வந்தான் நவீன்குமார்.

"வந்துரும்டா. பாதி வந்துருச்சு."

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அந்த அறையில் இருந்த அத்தனை கண்ணும் அந்தக் கோட்டின் மேல்தான் இருந்தது. மிக்கேலைத் தூக்கிக்கொண்டு வந்த நாலு பேரும் கழுத்தை நீட்டி அதையே பார்த்தார்கள். ஜினோ கட்சியும் எதிர்க்கட்சியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. கோடு நகர்ந்தால் "ஆங், ஆங்" என்றார்கள். நின்றால் "அய்யய்யோ" என்றார்கள். சின்ன வயதில் கிளப் டிவியில் கால்பந்து பார்க்கும்போது இப்படித்தான் சத்தம் போடுவார்கள். பெஞ்சில் இருந்த மனுஷன் இரண்டு தடவை முனகினார். அன்னாள் அவர் காதருகே குனிந்து என்னவோ கேட்டாள், அவர் என்னவோ சொன்னார். கோடு முடியப் போகிற சமயம் அது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய உலாவி ஏறியது. பிளக்-இன் அதில் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் அணைந்து, யோசித்து யோசித்து மறுபடி எழுந்தது. சாம்பல் கட்டம் இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியின் நீலப் பக்கம் திறந்ததும் கூட்டம் விசிலடிக்காத குறைதான். ஒருத்தன் ஜினோவின் முதுகில் தட்டினான். "அக்கா, பாஸ்வேர்டு!" என்று கத்தினான் ஜினோ. அது ஜிஸ்மிக்கு மட்டும்தான் தெரியும். மிக்கேலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவள் கையை விட்டுவிட்டு வந்து, அவசரத்தில் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள்.

டாக்டர் ஹஸீபாவின் முகம் தெரிந்தது. பாலக்காட்டுப் பக்கத்து அம்மா. எப்போதும் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

"ஏனுங்க சிஸ்டர், எத்தனை நாளாச்சு உங்களைப் பாத்து! என்ன கேசுங்க?"

"நெஞ்சுவலி மேடம். வந்து ரொம்ப நேரமாச்சு."

"நேரமாச்சுன்னா அப்பறம் ஏனுங்க அங்கயே வச்சிருக்கீங்க? கிளப்பி உடுங்க, இங்க வந்து பாத்துக்கலாம்." சிரிப்பு போய்விட்டது. "ஆளைக் காமிங்க மொதல்ல."

ஜினோ கேமராவைப் பெஞ்சுப் பக்கம் திருப்பினான். கூட்டம் விலகி வழி விட்டது. அன்னாளின் தோளில் தலையைச் சாய்த்து மிக்கேல் உட்கார்ந்திருந்தார். அன்னாள் அவர் தலை நழுவாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி குறைந்து கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்திருந்தாள்.

திரையில் டாக்டரம்மா முகத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சிஸ்டர், போய் அவருடைய நாடியைப் பாருங்க."

ஜிஸ்மி போனாள். பார்த்தாள். அறையில் அத்தனை பேர் இருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒருத்திதான் அதை முதலில் கண்டாள்.

மிக்கேலை மாதா கோவில் பின்னால், மழை விட்ட ஒரு சின்ன இடைவெளியில் அடக்கம் செய்தார்கள். ஜினோ குழி ஓரத்தில் எல்லோருக்கும் கடைசியில் நின்றான். ஒருத்தரும் அவனிடம் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மறுபடி கூடியது. அன்றைக்கு ஜினோ பேச எழுந்திருக்கவில்லை. பேசத் தேவையும் இல்லாமல் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். பிளக்-இன் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்திருந்தால் மிக்கேல் பிழைத்திருப்பார் என்றார்கள். அவனுக்குக் கை தூக்கியவர்கள்தான் உரக்கச் சொன்னார்கள். எஸ்டேட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதைப் போட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு கைகூடக் கீழே இருக்கவில்லை. ஜினோவும் தூக்கினான். ஆஸ்பத்திரிக்காரர்களின் புதுப் பக்கம் அதற்கு அடுத்த வாரமே வந்தது. பிளக்-இன் இல்லாமலே திறந்தது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் நாக்கு எழவில்லை.

ஜினோவுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பச்சைக் கோடு. எப்படியும் ஒரு நாள் அன்னாளிடம் போய் நிற்கத்தான் வேண்டும். அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடித்தால் கொஞ்சம் தேவலை என்றுகூட நினைத்தான். ஒரு சாயங்காலம் வேலை விட்டதும் நேராக அவள் லயத்துக்குப் போனான்.

அன்னாள் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். ஈரவிறகு, வீடு முழுக்கப் புகை. அவனைப் பார்த்ததும், "வாப்பா" என்றாள். பலகையை எடுத்துப் போட்டாள். அந்த "வாப்பா" ஜினோவுக்குச் செருப்படியைவிட அதிகமாக வலித்தது.

"அன்னாளம்மா, என்னைய மன்னிச்சிருங்க. நான்தான். கூட்டத்துல வேண்டாம்னு பிடிவாதம் பிடிச்சேன். பழசையும் தூக்கிக் குடுத்தேன். மிக்கேலப்பா சொன்னதக் கேட்டு அன்னைக்கே போட்டுருந்தா..."

அன்னாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"அதக் கமிட்டியில பேசிக்கங்க. எனக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. வாசல்ல ஜீப்பு நின்னுச்சுப்பா. நீ முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நாங்க பாட்டுக்கு ஏறிப் போயிருப்போம். போடிமெட்டு தாண்டி எங்கயாவது ஒரு ஆஸ்பத்திரி சேத்துருக்கும். நீ வந்துரும் வந்துரும்ன."

இத்தனை நாளும் வேண்டாம் என்று சொன்னதற்காக அவன் வெந்துகொண்டிருந்தான். அவள் கணக்குக் கேட்டது, போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்ததற்கு.

"நானும் சும்மா இருக்கல," என்றாள் அன்னாள். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிங்க, நவீன் ஜீப்புல போயிரலாம்னு அவரு காதுல சொன்னேன். அவருக்குப் பேச முடியல. ஆனாலும் சொன்னாரு. 'இருடி, இத்தன பேரு முன்னால பய உக்காந்துருக்கான். நாம எந்திரிச்சுப் போயிட்டா அவன் மானம் போயிரும்'னாரு."

அடுப்பு பற்றிக்கொண்டது. அன்னாள் பானையைத் தூக்கி மேலே வைத்தாள்.

"இத உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள்.

ஜினோ என்னவோ சொல்ல வாயைத் திறந்து, சின்னப் பிள்ளையைப் போலக் கேவிக் கேவி அழுதான். அன்னாள் அவனை அழ விட்டுவிட்டு அரிசியைக் களைய ஆரம்பித்தாள்.